அசல், வட்டி, ஒயர்

நான் பி.காம். ‘அசல்’ என்றால் எனக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றுதான். எவ்வளவு வட்டி கட்டினாலும் குறையாமல் அப்படியே நிற்பது. மோட்டார் சைக்கிளில்கூட அசல் உண்டு, அதற்காக ஒரே வீட்டில் அப்பாவும் பிள்ளையும் பதினோரு நாள் பேசாமல் இருக்கலாம் என்பதெல்லாம் போன வருஷம்தான் தெரிந்துகொண்டேன்.

எங்கள் வீடு ஸ்ரீரங்கம் அடையவளஞ்சான் வீதியில். உள்ளே நுழைந்ததும் நடையில் ஒரு புல்லட் நிற்கும். ஆர்.சி. புத்தகப்படி 1963 மாடல். அப்பா 1986-ல் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. 2011-ல் ஒரு நாள் ‘போதும்ப்பா’ என்று நின்றது. அதற்குப் பிறகு ஈரத் துண்டு காயப்போடவும், வாழைத்தார் சாத்திவைக்கவும் பயன்பட்டுவந்தது. நான் படித்த அக்கவுன்டன்ஸிப்படி வருஷா வருஷம் தேய்மானம் போட்டால் அதன் மதிப்பு எப்போதோ சைபர். ஆனால் வெளியே விசாரித்தால், “இதையா நடையில் வைத்திருக்கிறீர்கள்? லாக்கரில் வைக்க வேண்டியது சார்” என்கிறார்கள்.

அப்பாவுக்கு எழுபத்தொன்று. சர்க்கரை, கண்ணில் கை வைத்துவிட்டது. பேப்பரில் தலைப்பு மட்டும் தெரியும். மிச்சத்தை நான் படித்துச் சொல்ல வேண்டும். ஒரு நாள் அப்படிப் படித்துக்கொண்டிருந்தபோது நடுவில் நிறுத்தினார்.

“இதுவும் மங்கறதுக்குள்ள அந்த வண்டியில ஒரு தடவை காவிரிப் பாலம் தாண்டணும்டா. நீ ஓட்டு. நான் பின்னால உக்காந்துக்கறேன்.”

அப்பா சாதாரணமாக எதையும் கேட்கிற ஆசாமி இல்லை. மறுநாளே வண்டியைக் குட்டியானையில் ஏற்றினேன். (உடனே கோயில் யானை ஆண்டாளை நினைத்துக்கொள்ள வேண்டாம். லோடு வண்டி!)

* * *

பாலக்கரையில் ஒரு பாய் இருக்கிறார். முப்பத்தைந்து வருஷமாகப் புல்லட் மட்டும்தான். வேறு எந்த வண்டி வந்தாலும் “எதிர்த்த கடை தம்பி” என்று கையைக் காட்டிவிடுவார். எங்கள் வண்டியை ஒரு சுற்று சுற்றிவந்தார். எஞ்சினுக்கு ஒரு ரீபோர், கார்பரேட்டருக்கு ஒரு குளியல் என்று உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே வந்தவர், டேங்கைக் கழற்றியதும் மௌனமானார்.

டேங்குக்கு அடியில் போகிற ஒயர் கட்டில் ஒரே ஒரு ஒயரை எடுத்து லேசாக வளைத்தார். உறை, சுட்ட அப்பளம் மாதிரி நொறுங்கிக் கீழே விழுந்தது. உள்ளே செம்பு தெரிந்தது. செம்பு நிறத்தில் இல்லை. தெப்பக்குளத்துப் படிக்கட்டு நிறத்தில்.

“ஒயரிங் முழுசா மாத்திடணும் தம்பி.”

அப்பாவுக்கு போன் போட்டேன். “எஞ்சினைக்கூட மாத்திக்கச் சொல்லு. ஒயரை மட்டும் தொடக் கூடாது. அது ஒரிஜினல்” என்றார்.

எனக்கு ஒரு சந்தேகம். புல்லட்டில் எதைத்தான் ஒரிஜினல் என்பது? இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் ராயல் என்ஃபீல்டு கம்பெனி 1932-ல் வைத்த பெயர் அது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா உருவாகி, சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் புல்லட் பூட்ட ஆரம்பித்தார்கள். முதலில் பாகங்கள் கப்பலில் பெட்டி பெட்டியாக வந்தன. 1962 வாக்கில் எல்லாமே இங்கேயே தயாராயின. ரெட்டிச் தொழிற்சாலை 1967-ல் மூடப்பட்டது. 1970-ல் இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு தயாரிப்பே நின்றது. திருவொற்றியூர் நிற்கவில்லை. 1977-ல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே புல்லட் ஏற்றுமதி ஆரம்பம்!

அதாவது, அசல் கடையைச் சாத்திவிட்டது. நகல் கப்பலேறிப் போய் அசல் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டது. இந்த வம்சத்தில் பிறந்த வண்டியில் ஒயருக்கு மட்டும் என்ன ஒரிஜினல்?

இதைச் சொன்னேன். அப்பா போனை வைத்துவிட்டார். பதினோரு நாள் மௌனம் அன்று ஆரம்பித்தது.

* * *

“மூணு வழி இருக்கு” என்று டீ சொன்னார் பாய்.

ஒன்று, பழைய செட்டையே டேப் சுற்றி ஓட்டுவது. இரண்டு, கடையில் தொங்கும் ரெடிமேட் செட். ‘எல்லா மாடலுக்கும் பொருந்தும்’ என்று அட்டையில் போட்டிருக்கும். ரெடிமேட் சட்டை வாங்கியவர்களுக்கு இதன் அர்த்தம் தெரியும். ஒரு ஒயர் ஒரு சாண் குறையும், இன்னொன்று ஒரு முழம் மிஞ்சும். மூன்று, பழையபடி நூல் பின்னல் போர்த்தி, பழைய கலர் கணக்குப்படியே செய்த மறுபதிப்பு. இங்கிலாந்தில் பழைய வண்டிக்காரர்களுக்கென்றே இப்படிச் செய்து விற்கிறார்கள். விலை கேட்டேன். நான் இந்தப் பக்கத்தை ஆறு மாசம் எழுத வேண்டும். (எடிட்டர் கவனிக்க.)

“கலர் என்ன பாய் கலர்? கரன்ட் போனா சரிதானே?”

“அப்படியா? சிவப்பு ஒயர் எங்க போகும், சொல்லுங்க.”

“பிளஸ்.”

“சரி. பிளஸ் எங்க போகும்?”

“சுவிட்சுக்கு...”

“ஃபிரேமுக்கு!”

அந்தக் காலத்து லூகாஸ் முறை பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் பிளஸ் முனைதான் எர்த். சிவப்பு ஒயர், வண்டியின் உடம்போடு சேரும். இன்றைய வண்டிகளில் மைனஸ்தான் எர்த். பழக்கதோஷத்தில் பேட்டரியை மாற்றிக் கொடுத்தால் ரெக்டிஃபயர் சிவலோகம். ஆக, கலர் என்பது அழகுக்கு இல்லை, அது பாஷை. பத்து வருஷம் கழித்து வேறொரு மெக்கானிக் டூமைத் திறந்தால், இந்த ஒயர் எங்கிருந்து வருகிறது என்று கலர்தான் சொல்லும். ரெடிமேட் செட்டில் இஷ்டத்துக்குக் கலர் போட்டிருந்தால், நடுராத்திரி ரோட்டோரத்தில் நீங்களும் டார்ச்சும்தான்.

லூகாஸைப் பற்றி வெள்ளைக்காரர்களே கிண்டல் செய்வார்கள், ‘இருட்டின் இளவரசர்’ என்று. என்னைக் கேட்டால் கொஞ்சம் அநியாயம். ஐம்பது வருஷம் மழையில் நனைந்து, நாலு பேர் கை வைத்துப் பிரித்துக் கட்டிய ஒயர் என்ன செய்யும்? பழைய காலத்தில் செம்புக் கம்பிக்கு ரப்பர் உறை போட்டு, மேலே நூல் பின்னினார்கள். ரப்பரில் கந்தகம் உண்டு. கந்தகம் செம்பை அரிக்கும். அதனால் கம்பிக்கு வெள்ளீயம் பூசினார்கள். அவ்வளவு யோசித்துத்தான் செய்தார்கள். அப்புறம் பி.வி.சி. வந்தது. அதை வளையவைப்பதற்காக எண்ணெய் மாதிரி ஒரு சமாசாரம் சேர்ப்பார்கள். எஞ்சின் சூட்டில் வருஷக்கணக்காக அது கசிந்து போய்விட, பிளாஸ்டிக் முறுகிவிடும். மேலே நூல் பின்னல் மட்டும் ஜோராக இருக்கும். மேலே பட்டு வேட்டி, உள்ளே கிழிந்த பனியன்.

சரி, செம்பு கறுத்தால் என்ன? இங்கேதான் ஓம்ஸ் லா வருகிறது. பயப்படாதீர்கள், காமர்ஸில் சொல்கிறேன். வோல்ட் என்பது சம்பளம். மின்தடை என்பது வழியில் நிற்கும் புரோக்கர். எங்கள் வண்டியின் சம்பளம் ஆறே ஆறு வோல்ட். ஹெட்லைட் 30 வாட் என்றால் 5 ஆம்பியர் ஓட வேண்டும். கறுத்த கம்பி, துருப்பிடித்த கனெக்‌ஷன் எல்லாம் சேர்ந்து வெறும் 0.2 ஓம் தடை என்று வையுங்கள். ஐந்தையும் அதையும் பெருக்கினால் ஒரு வோல்ட் கமிஷன். ஆறில் ஒன்று போச்சு. வெளிச்சமும் ஆறில் ஒரு பங்குதானே குறையும் என்று நினைப்பீர்கள். பல்பு அவ்வளவு நல்லவன் இல்லை. ஏறக்குறைய பாதி வெளிச்சம் போய்விடும்! அதே 30 வாட் பல்பு 12 வோல்ட் வண்டியில் இருந்தால் ஓடுவது இரண்டரை ஆம்பியர், கமிஷன் அரை வோல்ட். வெளிச்சத்தில் ஏழில் ஒரு பங்குதான் நஷ்டம். குறைந்த சம்பளக்காரனுக்குத்தான் கமிஷன் வலிக்கும்.

இத்தனையும் கேட்ட பிறகும் நான் என்ன செய்தேன்? பன்னிரண்டாம் நாள் அப்பாவிடம் போய், “சரிப்பா, ஒயரைத் தொடலை” என்றேன். வீட்டில் சாப்பாடு இறங்க வேண்டுமே.

பாய் ஒன்றும் சொல்லவில்லை. நொறுங்கிய இடங்களில் டேப் சுற்றினார். பில்லின் கீழே மட்டும் ஒரு வரி எழுதினார்: ‘ஒயரிங் - பார்ட்டி பொறுப்பு.’

* * *

வண்டி தயாரான அன்று அப்பா ஆட்டோவில் பாலக்கரை வந்துவிட்டார். இஸ்திரி போட்ட சட்டை. ஏழு மணி. டேங்க் நிறைய பெட்ரோல். இரண்டே உதையில் ஸ்டார்ட் ஆனது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அப்பா முகத்தைப் பார்க்க வேண்டுமே!

சத்திரம் பஸ் ஸ்டாண்ட், அண்ணா சிலை தாண்டிப் பாலத்தில் ஏறினோம். ஹெட்லைட் அகல்விளக்கு மாதிரி எரிந்தது. ‘கமிஷன்’ என்று நினைத்துக்கொண்டேன். பாலத்து நடுவில் ஒரு வாசனை. ரப்பர் எரிகிற வாசனை. குனிந்து பார்த்தால் அம்மீட்டர் முள் மைனஸ் பக்கம் போய் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. டேங்குக்கு அடியிலிருந்து புகை.

டேங்குக்கு மேலே நான். எனக்குப் பின்னால் கண் தெரியாத அப்பா. அவருக்குப் பின்னால் ஹாரன் அடிக்கிற பஸ்.

ஓரம் கட்டினேன். “இறங்குப்பா!” என்று கத்தினேன். எந்தப் பக்கம் இறங்குவது என்று அவருக்குத் தெரியவில்லை. கையைப் பிடித்து இழுத்துக் கைப்பிடிச் சுவரோரம் நிறுத்திவிட்டு, பேட்டரி பெட்டியைத் திறந்து ஒயரைப் பிடுங்கினேன். விரலில் தோல் உரிந்தது. புகை நின்றது.

இரண்டு பேரும் ரொம்ப நேரம் பேசவில்லை. கீழே காவிரி போய்க்கொண்டிருந்தது.

அப்புறம் செல்போன் டார்ச்சில் பார்த்தேன். ஹேண்டில் திரும்பும் கழுத்தில், ஒயர் கட்டு மடிகிற இடத்தில் உறை தேய்ந்து ஃபிரேமில் பட்டு ஷார்ட். சரி, ஃபியூஸ் எங்கே போயிற்று? ஃபியூஸ் இருந்தது. அதன் மேல் அழகாக வெள்ளித்தாள் சுற்றியிருந்தது. சிகரெட் பாக்கெட் வெள்ளித்தாள். கம்பி உருகித் தானே செத்து வண்டியைக் காப்பாற்றுவதுதான் ஃபியூஸின் உத்தியோகம். வெள்ளித்தாள் சுற்றினால் அது சாகாது. மிச்சம் எல்லாம் சாகும்.

“யாருப்பா இதைச் சுத்தினது?”

“ஏதோ சாக்லேட் பேப்பர் மாதிரி இருக்கே” என்றார் அப்பா. கண் தெரியாதவருக்கு அது மட்டும் தெரிந்தது!

மாம்பழச் சாலை வழியாக வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். வீட்டு வாசலில் நின்று சொன்னார்: “மாத்திடு.”

* * *

பழைய செட்டை முழுசாகக் கழற்றிக் கூடத்தில் நீளமாகப் படுக்க வைத்தேன். செத்த பாம்பு மாதிரி கிடந்தது. அப்பா கீழே உட்கார்ந்து, ஹெட்லைட் முனையிலிருந்து விரலால் தடவிக்கொண்டே வந்தார். “இது கம்பெனி பின்னல்... இது கம்பெனி... இது நான் போட்டது... இது யாரோ ஒரு மடையன் போட்டது...” பிரித்துப் பார்த்தால், அவர் சொன்னது அத்தனையும் சரி! ரேடியோ ஒயர், வீட்டு ஒயர், யாரோ முறுக்கிவிட்ட முடிச்சு... 1963-ல் திருவொற்றியூரில் போட்டதில் பாதிக்கு மேல் இல்லவே இல்லை. இந்த ‘ஒரிஜினலு’க்காகவா பதினோரு நாள்?

பின்சீட்டுக்கு அடியில் வருகிற இடத்தில் விரல் நின்றது. “இங்க ஒண்ணு இருக்கணும். பிரி.”

டேப். அதற்குள் ஆஸ்பத்திரி பிளாஸ்திரி. அதற்குள் அறுந்த இரண்டு ஒயர் முனைகளைக் கோத்துப் பிடித்துக்கொண்டு, துருப்பிடித்த ஒரு ஊக்கு. புடவைக்குக் குத்துகிற ஊக்கு.

“தொண்ணூறாம் வருஷம். உனக்கு ரெண்டு வயசு. ஜுரத்துல கண்ணு மேல செருகிடுச்சு. ராத்திரி பதினொன்றரைக்கு ஆட்டோவுக்கு எங்க போறது? உன்னை மடியில வெச்சுக்கிட்டு உங்கம்மா பின்னால உக்காந்தா. பாலத்து நடுவுல லைட்டும் போச்சு, எஞ்சினும் நின்னுது. இருட்டுல தடவித் தடவி ஒயர் அறுந்த இடத்தைக் கண்டுபிடிச்சேன். உங்கம்மா ஊக்கைக் கழட்டிக் குடுத்தா. பிளாஸ்திரி, மறுநாள் ஆஸ்பத்திரியில வாங்கிச் சுத்தினது.”

அப்பா சொன்ன ஒரிஜினல் லூகாஸும் இல்லை, திருவொற்றியூரும் இல்லை. எனக்கு ஏன் இது முதல் நாளே புரியவில்லை என்று வெட்கமாக இருந்தது.

ஸ்ரீரங்கத்தில் பிறந்தவனுக்கு அசல்-நகல் கேள்வி புதிதில்லை. 1323-ல் டெல்லிப் படையெடுப்பின்போது உற்சவர் ஊரைவிட்டு வெளியேற, இங்கே வேறொரு மூர்த்தியை எழுந்தருளப் பண்ணினார்கள். 1371-ல் பழையவர் திரும்பி வந்தபோது, இவர்தானா அவர் என்று சொல்ல ஊரில் ஆள் இல்லை. பெருமாளின் வஸ்திரம் வெளுத்துக்கொண்டிருந்த ஒரு முதியவர், வயதாகிக் கண் தெரியாதவர், ஈர வஸ்திரத்தைப் பிழிந்த தீர்த்தத்தைச் சுவைத்துப் பார்த்து ‘இவரே நம்பெருமாள்’ என்று அடையாளம் சொன்னார் என்பது கோயில் வரலாறு. அந்தப் பெயரே நிலைத்தது. இடையில் இருந்தவரை யாரும் வெளியே அனுப்பவில்லை. திருவரங்க மாளிகையார் என்ற பெயரோடு அவரும் அங்கேயே இருக்கிறார். பெருமாள் கதையை ஒயரோடு சேர்க்கிறாயே என்று பெரியவர்கள் கோபிக்கக் கூடாது. கூடத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஒயரைத் தடவிய அப்பாவைப் பார்த்தபோது எனக்கு அந்த முதியவர் ஞாபகம்தான் வந்தது.

* * *

பழைய செட்டைப் பாயிடம் எடுத்துப் போனேன். ஊக்கைப் பார்த்துவிட்டு, “இதுக்குத்தானா சார் அப்படிப் பிடிவாதம் பிடிச்சாரு? மொதல்லயே சொல்லியிருக்கலாமே” என்றார். நாலாவதாக ஒரு வழியும் சொன்னார்.

ஒரு பலகையில் ஆணிகள் அடித்து, பழைய செட்டை அதில் படுக்க வைத்தார். அதையே அளவாக வைத்து, அதன் மேலேயே புது ஒயரை இழுத்துக் கட்டினார். நீளம் பழையது, போகிற பாதை பழையது, கலர் பழையது. செம்பு மட்டும் புதுசு. இரண்டு கலர் கோடு போட்ட ஒயர் கிடைக்காத இடத்தில், இரண்டு முனையிலும் கலர் ஸ்லீவ் மாட்டினார். பழைய வண்டி தட்டி எழுப்புகிற நண்பர்கள் குறித்துக்கொள்ளலாம்: பழைய செட்டைக் கழற்றும் முன்பு போட்டோ எடுத்து, ஒவ்வொரு முனைக்கும் சீட்டு கட்டுங்கள். அது அறுதப் பழசாக இருந்தாலும் வரைபடம் அதுதான்; எடைக்குப் போடாதீர்கள். விளக்குக்குப் போகிற ஒயரை ஒரு சைஸ் தடிமனாகப் போட்டால் கமிஷன் குறையும். பளபளவென்று ஃபிரேமுக்குப் பவுடர் கோட்டிங் அடிப்பீர்கள். பெயின்ட் மேல் எர்த் எடுக்காது, அந்த இடத்தைச் சுரண்டுங்கள், இல்லாவிட்டால் எர்த்துக்குத் தனி ஒயர் இழுங்கள். பேட்டரி பக்கத்தில் நிஜ ஃபியூஸ் போடுங்கள்.

கண்ணுக்குத் தெரிகிற டூம், அம்மீட்டர், ஹாரன் எல்லாம் பழசாகவே இருக்கட்டும். உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிற ஒயர் மட்டும் புதுசாக இருக்க வேண்டும். இது என் கட்சி. விரலில் தழும்பு இருக்கிறது, சாட்சிக்கு.

போன தை மாசம் ஒரு ராத்திரி மறுபடி பாலத்தில் ஏறினோம். பாதி தூரம் போனதும் அப்பா என் தோளைத் தட்டினார். எனக்கு திக்கென்றது. “என்னப்பா, வாசனை வருதா?”

“இல்லடா. வெளிச்சம் தெரியுது.”

பழைய செட்டு இப்போது நடைச் சுவரில், ஊக்கோடு, மாலை மாதிரி தொங்குகிறது. கல்யாணத்துக்குப் பிறகு சிகரெட்டைத் தொட்டதே இல்லை என்று சத்தியம் செய்கிற அப்பா, அதன் கீழே நின்று வருகிறவர்களுக்கெல்லாம் ஊக்குக் கதை சொல்கிறார். அன்று அம்மா காபியோடு வந்து, பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

“ஊக்கு என்னுது, சரி. அந்த வெள்ளித்தாள் எந்தப் பாக்கெட்லேர்ந்து வந்துச்சுன்னும் சொல்லுங்க. குழந்தைக்கு ஜுரமாச்சேன்னு அன்னிக்குக் கேக்கலை.”